மொந்தாஸைக் கைவிடலாமா என்று நார்பர்ட் ஹெல்மிங் சிந்தித்த படலம்

வாழ்க நார்பர்ட் ஹெல்மிங்! வாழ்க அவர்தம் வலச்செவி! வாழ்க, அதனினும் ஒருபடி கூர்மை மிக்க இடச்செவி! மன்னர்தம் வாளைப் பாடினோர் பலர். மறவர்தம் தோளைப் பாடினோர் பலர். குதிரையின் குளம்பையும் யானையின் கொம்பையும் ஏடு ஏடாகப் பாடித் தீர்த்தோர்க்கோ எல்லையில்லை. மாந்தர் செவியைப் பாடினார் ஒருவரும் இலர் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சம் கொதிக்கும் அநீதி ஆதலின், அவ்வநீதியை இவ்வுரை இக்கணமே துடைத்தெறிகின்றது.

மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், புகையும் புளித்த ரொட்டியும் மணக்கும் ஷெபாய்கன் நகரில், குளியல் தொட்டியும் கழிப்பறைக் கோப்பையும் செய்து உலகோர்க்கு வழங்கும் ஆலையொன்றில், முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சூளையினின்று இறங்கிவரும் ஒவ்வொரு வெண்பீங்கான் கோப்பையையும் இரப்பர்ச் சுத்தியால் ஒரே ஒரு தட்டுத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, போகட்டும் என்றோ உடையட்டும் என்றோ தீர்ப்புரைத்துவரும் தலைமைச் சோதகர் அவர். குறையற்ற கோப்பை மணிபோல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் உற்ற கோப்பையோ, சளி பிடித்தவன் வணக்கம் சொன்னாற்போல் ஒலிக்கும். கண் ஏமாறும், கருவி ஏமாறும், நார்பர்ட்டின் செவி ஏமாந்ததில்லை. அவர் தேர்ந்தனுப்பிய கோப்பை ஒழுகிற்று என்று எந்த மாநிலத்திலிருந்தும் இன்றுவரை ஒரு மடலும் வந்ததில்லை.

அத்தகைய செவிக்கும் ஒரு சோதனை வந்தது. அது பேஸ்பால் வழியாக வந்தது.

மார்ச்சு மாதத்துப் பனி உருகத் தொடங்கும் நாளில், ரோலண்ட் கீகரின் மதுக்கூடத்தில், பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து, நாடெங்கும் பேஸ்பால் ஆடும் மெய்யான வீரர்தம் பெயர்களை முறைவைத்துக் கூவி, ஆளுக்கொரு கற்பனைக் குழுவைச் சேர்த்துக்கொள்வர். அதன்பின் எந்த நகரத்து மைதானத்தில் எந்த வீரன் பந்தை அடித்தாலும், அவ்வடிக்குரிய புள்ளி, ஷெபாய்கனில் அவன் பெயரைப் பிடித்துவைத்திருப்பவர் மடியில் வந்து விழும். வீரனோ இவரை அறியான். இவர் பிறந்ததையும் அறியான். இவர் தன்பொருட்டு உண்ணாதிருப்பதையும் அறியான். தன்னை அறியாத ஒருவனுக்காகத் தன் உறக்கத்தையும் பசியையும் ஒருவர் ஈகிறார் எனில், அதனைப் பொழுதுபோக்கு என்று கூசாமல் கூறும் நாக்கை என்னென்பது! போர் என்க. தவம் என்க. பொழுதுபோக்கு என்னற்க.

இப்போரில் முதலிடம் பெற்றவர்க்கு ஒரு தகரக் கோப்பை உண்டு. அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. கடைசி இடம் பெற்றவர்க்கு ஒரு வெங்காய வேடம் உண்டு. அதனை நினைந்தே பத்துப் பேரும் ஆறு மாதம் நடுங்குவர். தொழிலாளர் தினத்துத் திங்கட்கிழமை காலையில், மளிகைக்கடை வாசலில் நகரத்தார் கூடி, பிராட் என்னும் தொத்திறைச்சியைக் கரியடுப்பில் சுட்டு, தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டுவது வழக்கம். அன்று கடைசி இடத்தார், கோணியாலும் பஞ்சாலும் செய்யப்பட்டு, உச்சியில் பச்சைத் தாள் முளைத்த, இருபத்திரண்டு கோடைகளின் வியர்வையை உள்வாங்கியும் ஒருமுறையும் துவைக்கப்படாத அவ்வேடத்துள் புகுந்து, வரிசையில் வருவோர் ஒவ்வொருவர் ரொட்டியிலும் தம் கையால் வெங்காயம் தூவ வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் எட்டுப் பேர் அவ்வேடத்தின் நாற்றத்தை நுகர்ந்துவிட்டனர். நுகராதவர் இருவரே. ஒருவர் நார்பர்ட். மற்றவர் அவருடைய உடன்பிறந்த மூத்த சகோதரியும், பள்ளிப் பேருந்தின் சுக்கானைச் செங்கோலென நாற்பதாண்டு ஏந்தியவருமாகிய மார்லிஸ் அம்மையார்.

அவ்வாண்டோ, ஆகஸ்டு மாதத்துக் கடைசி வாரம் பிறந்தபோது, புள்ளிப் பட்டியலின் அடிவாரத்தில் எஞ்சியிருந்தோர் அவ்விருவரே. அவ்வாரம் அவர்கள் ஒருவரோடொருவர் மோத வேண்டும். ஞாயிறு மாலையில் தோற்றவர் யாரோ, திங்கள் காலையில் அவரே வெங்காயம்.

இனி, எலியேசர் மொந்தாஸ். பேஸ்பால் களத்து நான்கு தளங்களுள் முதல் தளத்தின் காவலன். பனைமரத்தின் உயரமும் பழைய அலமாரியின் அகலமும் உடையவன். மார்ச்சு மாதத்தில் நார்பர்ட்டின் முறை வந்தபோது, அவர் நாற்காலிமேல் ஏறி நின்று, ஒரு கையில் பிராந்திக் கோப்பையும் மறுகையில் ஊறுகாய் வெள்ளரியும் ஏந்தி முழங்கியதை அம்மதுக்கூடத்துச் சுவர்கள் இன்றும் மறந்தில.

"எலியேசர் மொந்தாஸ்! இவன் அடிக்கிற சத்தத்தை ரேடியோவுல கேட்டிருக்கேன். இவன்கிட்ட விரிசலே இல்ல. நான் சொல்லல, என் காது சொல்லுது. முப்பத்து நாலு வருஷம் தப்பாச் சொல்லாத காது!"

"உன் காது டாய்லெட்டுக்குத்தான்டா நார்ப்," என்றார் மார்லிஸ், தலை நிமிராமலே. "மனுஷனுக்கு இல்ல."

சிரிப்பொலி கூரையை முட்டிற்று. அன்றே நார்பர்ட்டின் செவியும் மொந்தாஸின் மட்டையும் ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்டன. இவன் வென்றால் அச்செவி வெல்லும். இவன் வீழ்ந்தால் அச்செவியும் ஆலைக்கு வெளியே ஒரு செல்லாக்காசு.

சூலை மாதம்வரை மொந்தாஸ் அடித்தான். ஆகஸ்டில் அவன்மேல் இருள் கவிந்தது. ஐந்து முறை மட்டையேந்தி ஐந்து முறையும் வெறுங்கையனாய்த் திரும்பினான். பின் பத்து. பின் இருபது. சூரியனை விழுங்கிய பாம்பு உமிழ மறந்தாற்போல, அவ்விருள் விலகவே இல்லை. வியாழக்கிழமை பிற்பகல் ஆட்டத்தில், முப்பத்தொன்றாம் முறையாக மட்டையேந்தி வந்தவன், நடுவே நேராக வந்த பந்தொன்றை, வீட்டுக்கு வந்த விருந்தினரை வரவேற்பவன்போல் பார்த்து நின்று, மட்டையை அசைக்காமலே ஆட்டமிழந்தான்.

அந்நேரம் அடுக்களையில் நின்ற நார்பர்ட்டின் முகம் சூளையெனச் சிவந்தது. பத்துப் பேர்தம் குழுக்களும் புள்ளிகளும் அடங்கிய கைப்பேசியை எடுத்தார். சுட்டுவிரலால் அதன் கண்ணாடி நெற்றியில் இருமுறை குத்தினார். குத்தவே, மொந்தாஸ் என்னும் மாவீரன், ஆடுவோர் வரிசையினின்று உருட்டப்பட்டு, ஆடாதோர்க்கென அமைந்த பலகைச் சிறையில் சென்று விழுந்தான். அவன் இருந்த அரியணையில், பெயரைச் சொல்வதால் எவர்க்கும் பயனில்லாத ஒரு கிழ வீரன் ஏற்றப்பட்டான்.

"போ! பெஞ்சுல உக்காரு! உக்காந்து நீ செஞ்சதை யோசி!"

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவர் மனைவி ஆர்லீன் கத்தியை நிறுத்தாமல் கேட்டார்: "போனைப் பாத்துக் கத்தினா அவனுக்குக் கேக்குமா நார்ப்?"

"கேக்கணும்!"

"சரி. ஜன்னலைச் சாத்திட்டுக் கத்து. பக்கத்து வீட்டு நாய் பயப்படுது."

சினம் தணிந்ததும் சிந்தனை எழுந்தது. சினத்தினும் கொடியது அது. குழுவினின்று ஒருவரை விலக்கிப் புதியவரைச் சேர்த்துக்கொள்ள ஆண்டுக்குப் பன்னிரண்டு வாய்ப்புகளே சங்கத்தின் சட்டம் அளித்திருந்தது. பதினொன்றை நார்பர்ட் மே மாதத்திற்குள்ளேயே, திருவிழாவில் காற்றாடி வாங்குபவர்போல், செலவிட்டிருந்தார். எஞ்சியது ஒன்று. அவ்வொன்றைக் கொண்டு மொந்தாஸை அடியோடு விலக்கிவிட்டு, எவர் குழுவிலும் சேராது கிடந்த டக்கர் ஹோல்விக் என்னும் இளங்காளையை எடுத்துக்கொள்ளலாம். ஹோல்விக்கோ இரு வாரங்களாகப் பந்து எதிர்ப்பட்ட இடமெல்லாம் அடித்துக்கொண்டிருந்தான். ஆனால் விலக்கியவரை மீண்டும் சேர்த்தல் இயலாது. மாற்றம் செல்லுபடியாகும் எல்லை, ஞாயிறு பிற்பகல் ஒன்று பத்துக்கு மொந்தாஸின் ஆட்டம் தொடங்கும் கணம்.

கைவிட்டால், வெங்காயத்தினின்று உடல் தப்பலாம். செவியின் பெருமை மாண்டுபோம். கைவிடாவிட்டால், செவியின் பெருமை நிற்கலாம். உடல் கோணிக்குள் புகும். இருபுறமும் கடல் பொங்க நடுவே நின்ற ஒற்றைப் பாறையென நின்றார் நார்பர்ட்.

அப்போது தொலைபேசி ஒலித்தது. பகைவர் பாசறையிலிருந்து தூது.

"டேய் நார்ப், முப்பத்தொண்ணு ஆயிடுச்சாமே. உன் காது என்ன சொல்லுது?"

"மார்லிஸ், வைக்கிறியா போனை?"

"இரு இரு. அந்த ஹோல்விக் பையன் சும்மாதான்டா கெடக்கான். எடுத்துக்கோயேன்."

"நீ ஏன் எனக்கு யோசனை சொல்ற?"

"அக்கா இல்லையா நானு? உனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நீதான் பிடிச்சுட்டிருக்கேன்னு சொல்லிட்டு விட்டுட்டியே! பல்லு போச்சு!"

"ஓட்டக் கத்துக்கிட்டயா இல்லையா?"

இவ்வுரையாடல் நார்பர்ட்டின் உள்ளத்தில் ஓராயிரம் புரவிகளை அவிழ்த்துவிட்டது. பகைவர் விடு என்கிறார், ஆதலின் விடலாகாது. அல்ல, பகைவர் தாம் விடு என்றால் இவர் விடமாட்டார் என்பதை அறிந்தே விடு என்கிறார். ஆதலின் விடல் வேண்டும். அல்ல, அல்ல, அதனையும் இவர் கண்டுகொள்வார் என்பதை அவர் கண்டுகொண்டிருப்பார், ஆதலின்... இங்ஙனம் ஒன்றினுள் ஒன்றாய்ச் சுருண்ட எண்ணங்களின் நடுவே அவர் அமர்ந்திருக்க, ஆர்லீன் வறுத்த உருளைக்கிழங்கு ஆறிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையில் ஷெபாய்கன் மீன் உண்ணும். ரோலண்டின் மதுக்கூடத்தில் மாவில் தோய்த்துப் பொரித்த ஏரிமீனும், கம்பு ரொட்டியும், முட்டைக்கோசுத் துருவலும் மேசைகளில் குவிந்தன; சங்கத்தார் பதின்மரும் குழுமினர். வீரன் ஒருவனைக் கைவிட நினைப்பவர், பொத்தானை அமுக்குமுன், இம்மீன்விருந்தில் எழுந்து நின்று, கைவிடப்படுவோனுக்கு முறைப்படி இரங்கலுரை நிகழ்த்தி, "போய் வா" என்று கோப்பையை உயர்த்த வேண்டும் என்பது அச்சங்கத்தின் அசையாச் சட்டம். மனிதரைச் சட்டைபோல் கழற்றியெறியலாகாது என்னும் அருளுணர்வால் ரோலண்ட் வகுத்த விதி அது. செய்தித்தாளிலேயே ஒற்றுப்பிழை மலிந்துவிட்ட இக்காலத்தில், பிரிவுக்கு ஒரு முறைமை வேண்டும் என எண்ணும் ஒரு மதுக்கடைக்காரரேனும் உளரே என்று மகிழ்க.

நார்பர்ட் எழுந்தார். முட்கரண்டியால் கோப்பையைத் தட்டினார். அவ்வொலியிலும் விரிசலில்லை என்பதைத் தம்மையறியாமல் மனத்துள் குறித்துக்கொண்டார். மதுக்கூடம் அடங்கிற்று. எல்லாரும் தொப்பியைக் கழற்றினர்.

"நண்பர்களே. எலியேசர் மொந்தாஸ் நம்மளை விட்டுப் போறான்."

"ஐயோ பாவம்," என்றார் மூலைமேசையிலிருந்து எவரோ, வாய் நிறைய மீனுடன்.

"ஏப்ரல்ல ஒரு செவ்வாக்கிழமை. வெளிய பனி கொட்டிட்டிருந்துச்சு. நான் கார் ஷெட்டுல ரேடியோ கேட்டுட்டிருந்தேன். அன்னிக்கு இவன் ஒண்ணு அடிச்சான் பாருங்க. மணி அடிச்ச மாதிரி. அந்தச் சத்தம் எப்படின்னா..."

நின்றார். ஏப்ரல் மாதத்து அவ்வொலி, நான்கு மாதங்களைக் கடந்து, மீன்நெய்ப் புகையைக் கிழித்து, அவர் இடச்செவியுள் வந்து மீண்டும் ஒலித்தது போலும். உயர்த்திய கோப்பை பாதி வழியில் உறைந்தது. பதின்மர் மூச்சும் அதனோடு உறைந்தது.

"இல்ல," என்றார் நார்பர்ட். "இவன் இன்னும் சாகல. நான் உக்காந்துக்கிறேன்."

ஊழிக்காற்றில் பட்ட காடுபோல் மதுக்கூடம் ஆர்ப்பரித்தது. செத்தவன் எழுந்துவிட்டான் என்றனர் சிலர். தொப்பியை மறுபடி மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டனர் சிலர். இரங்கலுரை தொடங்கி முடியாது நின்றது அச்சங்கத்தின் வரலாற்றிலேயே இல்லை. ரோலண்ட் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, நீதியின் உருவாய் முன்வந்தார்.

"பேச்சு ஆரம்பிச்சாச்சு. ஆனா கிளாஸை முழுசாத் தூக்கல, போய் வான்னும் சொல்லல. அதனால இது முடியல. ஞாயித்துக்கிழமை ஒண்ணு பத்துக்குள்ள என் முன்னால முடிச்சுட்டா செல்லும். முடிக்கலைன்னா மொந்தாஸ் நார்ப்கிட்டயே. அவ்வளவுதான். யாருக்கு இன்னொரு தட்டு மீன்?"

மார்லிஸ் அம்மையார் தம்பியின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் தோளில் கை வைத்தார். அக்கையின் கனிவைக் கண்டோர் கண் கலங்கினர்.

"வச்சுக்கணும்னு தோணுதா, வச்சுக்கோடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். விடறதா வச்சுக்கறதா, அதை மட்டும் நல்லா யோசி. மத்த எதைப் பத்தியும் நீ கவலைப்படாத."

சனிக்கிழமை பிற்பகல். கார்க்கொட்டிலின் கதவுகள் அடைக்கப்பட்டன. புல்வெட்டும் பொறி வெளியேற்றப்பட்டது. ஆர்லீனின் குளிர்பதனப் பேழை, அதன் ரீங்காரம் தீர்ப்பைக் கெடுக்கும் எனக் கருதி, மின்சாரம் பிடுங்கி ஊமையாக்கப்பட்டது. வில்லாளன் போருக்குமுன் நாண் தெறித்துப் பார்ப்பதுபோல, நார்பர்ட் தம் இரப்பர்ச் சுத்தியை எடுத்து, மூலையில் வைத்திருந்த குறையற்ற கைகழுவு தொட்டியொன்றைத் தட்டினார். டங். அதனருகே பாடம் கற்பிக்கவென்றே வைத்திருந்த விரிசல் தொட்டியைத் தட்டினார். டொக். செவி துலங்கிற்று. கண்ணை மூடி, வானொலிப் பெட்டியோடு நெற்றியை ஒட்டி அமர்ந்தார்.

எண்களைப் பார்ப்போர் பார்க்கட்டும். அவை கடந்தவற்றின் சாம்பல். நாளை அடிப்பானா மாட்டானா என்பதை எண் அறியாது. மரமும் தோலும் மோதும் கணத்து ஒலியே அறியும் என்பது நார்பர்ட்டின் கோட்பாடு. மட்டையின் நெஞ்சில் பந்து பட்டு, எதிரியின் கையில் சிக்கினால், அது கெட்ட காலம். கெட்ட காலம் விலகும். மட்டையின் ஓரத்தில் பட்டால், அது விரிசல், விரிசல் வளரும்.

மொந்தாஸ் வந்தான். டங். பந்து நெடுந்தொலைவு பறந்து, வேலியோரம் ஓடிய ஒருவனது கையுறையில் விழுந்தது. நார்பர்ட்டின் இமை துடித்தது. இரண்டாம் முறை: டங். நேராக எதிர்நின்றவன் மார்பிலேயே சென்று பட்டது. அவன் அதனைத் தற்காப்பின்பொருட்டே பிடித்தான் என்றார் வர்ணனையாளர். மூன்றாம் முறையும் டங். நான்காம் முறை, சற்றே மெலிந்த, ஆயினும் ஐயத்துக்கிடமற்ற டங். நான்கும் வீண். முப்பத்தைந்து முறை மட்டையேந்தியும் ஒன்றுமில்லை.

நார்பர்ட் கண்ணைத் திறந்தபோது அது நனைந்திருந்தது. கொட்டிலின் கதவைத் திறந்தார். வாசலில் ஆர்லீன் நின்றிருந்தார்.

"என்ன சொல்லுது காது?"

"விரிசல் இல்ல ஆர்லீன். ஒரு விரிசலும் இல்ல. எல்லாம் கெட்ட நேரம்."

"சரி. ஃபிரிட்ஜோட ஒயரை யாரு பிடுங்கினது? ஐஸ்க்ரீம் கஞ்சியா ஓடுது."

ஞாயிறு வந்தது! ஏழு கடலும் கொந்தளிக்காவிடினும் மிச்சிகன் ஏரியேனும் சற்றே அலைந்தது. தேவாலய வழிபாடு முடிந்து, நார்பர்ட்டின் கொல்லைப்புறத்துப் புல்வெளியில் கரியடுப்பு மூட்டப்பட்டது. மோதும் இருவரும் கடைசி ஆட்டத்தை ஒரே வானொலியில் கேட்க வேண்டும் என்பது மரபாதலின் மார்லிஸ் வந்தார். நடுவராக ரோலண்ட் வந்தார். அக்காலைநேரக் கணக்கின்படி மார்லிஸ் ஆறு புள்ளி முன்னே நின்றார். ஏனைய வீரர்தம் ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டன. இருவர் குழுவிலும் எஞ்சியது நார்பர்ட்டின் முதல் தளக் காவலன் ஒருவனே. பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் ஒன்றுக்கு ஐந்து புள்ளி. அதாவது இரண்டு வேண்டும். முப்பத்தைந்து முறை ஒன்றும் அடியாதவன் இரண்டு அடிக்க வேண்டும்.

மணி ஒன்று. ரோலண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நார்ப், பேச்சை முடிக்கிறதுன்னா இப்ப முடி. பத்து நிமிஷம் இருக்கு."

நார்பர்ட் அடுப்பின் புகையினுள்ளே, இடுக்கியைச் சூலமென உயர்த்தி நின்றார். புகை விலகியபோது அவர் முகம் தெரிந்தது. அம்முகத்தில் ஐயம் இல்லை.

"கேட்டுக்குங்க! ரோலண்ட், நீயும் கேட்டுக்கோ. ஊரே சிரிச்சாலும் பரவாயில்ல, நான் மொந்தாஸை விடமாட்டேன். என் காதுமேல ஆணை. வெங்காயம்னா வெங்காயம். ஆனா என் காதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்!"

"பலே!" என்றார் ரோலண்ட், தம்மை மறந்து.

தம் உறுதியைத் தாமே குலைத்துவிடலாகாது, கடைசி நொடியில் கை தவறிப் பொத்தானை நாடலாகாது என்று அஞ்சிய அவ்வுத்தமர், கைப்பேசியை மேசைமேல் குப்புறக் கிடத்தி, அதன்மேல் ரொட்டிக் கூடையைக் கவிழ்த்தார். மார்லிஸ் எழுந்து வந்து, கூடையின்மேல் கடுகுச் சாற்றுப் புட்டியையும் வைத்தார்.

"நல்லா மூடிக்கோடா. காத்து அடிக்குது."

ஒன்று பத்து. முதற்பந்து வீசப்பட்டது. எல்லை மூடிற்று.

இரண்டாம் சுற்றில் மொந்தாஸ் வந்தான். டங் என்றால் போதாது. அவ்வொலியை எழுத எழுத்தில்லை. ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமையே திரும்பி வந்தாற்போல், வானொலிப் பெட்டியின் வயிற்றிலிருந்து எழுந்த அவ்வோசை கொல்லையைக் கடந்து, வேலியைக் கடந்து, பக்கத்து வீட்டு நாயை எழுப்பிற்று. வர்ணனையாளர் கூவினார், கூட்டம் கூவிற்று. பந்து மைதானத்தின் எல்லையைத் தாண்டி, அப்பால் நின்ற மக்கள்மேல் மாரியென விழுந்தது.

"கேட்டியா மார்லிஸ்? கேட்டியா? அதுதான்! அந்தச் சத்தம்தான்!"

"கேட்டுச்சுடா. நல்லாவே கேட்டுச்சு," என்றார் மார்லிஸ், இரண்டாம் பிராட்டின்மேல் வெங்காயத்தைச் சற்றுத் தாராளமாகத் தூவிக்கொண்டு.

ஆறாம் சுற்றில் மறுபடியும். அவ்வோசை முன்னதன் இரட்டைப் பிறவி. நார்பர்ட் இடுக்கியைச் சுழற்றியவாறு அடுப்பை மும்முறை வலம் வந்தார். ஆர்லீனைத் தூக்க முயன்று, முதுகு பிடித்து, பாதியில் இறக்கினார். முப்பத்து நான்கு ஆண்டுகளின் கோப்பைகள் அனைத்தும் ஒருங்கே ஒலித்தனபோல் அவர் செவியுள் இசை நிறைந்தது. ஆங்கே டக்கர் ஹோல்விக்கோ, வேறொரு நகரத்தில், நான்கு முறை வந்து நான்கு முறையும் ஒன்றுமின்றித் திரும்பினான் என்ற செய்தியையும் வானொலி சொல்லிற்று. எண்களை நம்பினோர் தோற்றனர். செவியை நம்பியோர் வென்றனர். அறம் இம்மண்ணில் இன்னும் அழியவில்லை!

ஆட்டம் முடிந்தது. ரோலண்ட் தம் கைப்பேசியைப் பார்த்தார். பார்த்தவர் மீண்டும் பார்த்தார். பின், இதுவரை தொடாத முட்டைக்கோசுத் துருவலை மிகுந்த அக்கறையோடு உண்ணத் தொடங்கினார்.

நார்பர்ட் கடுகுப் புட்டியை அகற்றினார். ரொட்டிக் கூடையை, திரையை விலக்கும் மன்னரின் மிடுக்கோடு நீக்கினார். கைப்பேசியைத் திருப்பினார். ஆறு புள்ளி பின்னடைவு. அதனைக் குலுக்கினார். ஆறு. கைப்பேசிக் கோபுரம் பழுதாயிற்று என்றார். கம்பெனிக்காரர் சோம்பேறிகள் என்றார். வேலியோரம் சென்று உயர்த்திப் பிடித்தார். ஆறு.

"டேய் நார்ப்," என்றார் மார்லிஸ். அவர் குரலில் வெற்றியின் செருக்கு இல்லை. நெடுநாள் பேருந்தோட்டி, கடைசி நிறுத்தத்தில் உறங்கிவிட்ட பயணியை எழுப்பும் மென்மையே இருந்தது. "கீழ பாரு. பெஞ்சுல."

பார்த்தார். பலகைச் சிறையில், வியாழக்கிழமை பிற்பகலில் தம் சுட்டுவிரலாலேயே அடைத்து, அதன்பின் மூன்று நாள் விடுவதா வைத்துக்கொள்வதா என்று விண்ணையும் மண்ணையும் கலக்கிய பேராய்வில் விடுவிக்க மறந்தே போன அவ்விடத்தில், எலியேசர் மொந்தாஸ் அமர்ந்திருந்தான். அவன் பெயரருகே பத்து என்னும் எண், பலகையில் இருப்போன் புள்ளி கணக்கில் சேராதாதலின், எவர்க்கும் சேராத சாம்பல் நிறத்தில் நின்றது. அரியணையில் இருந்த கிழ வீரனோ அன்று களத்துக்கே வரவில்லை, அவனுக்கு வயிற்றுக்கோளாறு.

ஆர்லீன் கருகத் தொடங்கிய பிராட்டுகளை முட்கரண்டியால் தட்டில் எடுத்து வைத்தார்.

"வச்சுக்கிறதா விடறதான்னு மூணு நாளா யோசிச்ச," என்றார் ஆர்லீன் மெல்ல. "ஆடவிடறதா வேண்டாமான்னு யோசிக்கவே இல்லையே நார்ப்."

நார்பர்ட் அக்கையை நோக்கினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமையே. உன் டீம் என் போன்லயும் தெரியும்ல."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. வச்சுக்கவா விடவான்னுதான கேட்டுட்டிருந்த. அதுக்கு நான் ரெண்டு பக்கமும் யோசனை சொன்னேன்."

"சைக்கிள்லயும் இப்படித்தான் பண்ணின!"

"ஆமா."

நார்பர்ட் கைப்பேசியை மேசையில் வைத்தார். அருகே கிடந்த கண்ணாடிக் கோப்பையை இடுக்கியின் நுனியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். அது டங் என்றது.

"ஆனா காது சரியாத்தான் சொல்லுச்சு," என்றார்.

மார்லிஸ் ரொட்டியை மெல்வதை நிறுத்தினார். நாற்பதாண்டுக் காலம் எவர்க்கும் வழிவிடாத அவ்வம்மையார், அன்று தம் தம்பிக்கு வழிவிட்டார். "ஆமாடா. காது சரிதான். அதை நாளைக்கு வரிசையில நிக்கிற எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

மறுநாள், தொழிலாளர் தினத்துப் பொன்காலையில், ஏரிமேல் எழுந்த செங்கதிர் தன் ஆயிரம் கரங்களாலும் ஷெபாய்கன் நகரத்தை ஆரத்தழுவ, கரியடுப்புகள் இருபதினின்றும் எழுந்த வெண்புகை வெற்றிக்கொடிகளெனப் பரவ, தீயணைப்பு வண்டிகள் சங்கென முழங்க, ஆலைத் தொழிலாளர் முந்நூற்றுவர் ரொட்டியேந்தி அணிவகுத்து நிற்க, ஒருகாலும் பொய்த்திராத இருசெவிகளையும் உடைய பெருந்தகையாகிய நார்பர்ட் ஹெல்மிங், மளிகைக்கடை வாசலில், விதியையும் கோணியையும் ஒருங்கே எதிர்கொண்டு, தலைநிமிர்ந்து, தளராத நடையினராய், அஞ்சாத நெஞ்சினராய் முன்வந்தார்.

வேடம் தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.